ஒட்டாத சாயம்

கொழுந்தனார் வீட்டுச் சமையலறைக்குள் நுழைந்ததுமே மூத்த மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அடுப்பில் சாயமும் வினிகருமாக ஒரு பாத்திரம் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"ஏம்மா, ஊர்ல கலர் நூலே கிடைக்கலையா? வீட்டையே சாயப்பட்டறை ஆக்கி வெச்சிருக்க."

இளையவள் இரண்டு நூல் சிட்டங்களை அலசித் தூக்கிக் காட்டினாள். ஒன்று நல்ல ரத்தச் சிவப்பு. மற்றது குளித்துவிட்டு வந்த மாதிரி வெள்ளையாகவே இருந்தது.

"இதுல மட்டும் ஒட்ட மாட்டேங்குதுக்கா. இன்னும் கொஞ்சம் வினிகர் விடட்டுமா?"

"குடம் குடமா விட்டாலும் ஒட்டாது. அசல் கம்பளியிலதான் பிடிக்கும்னு சாயப் பொட்டலத்துலயே போட்டிருக்கானே. இது பிளாட்பாரத்துல கூவிக் கூவி விக்கிற பிளாஸ்டிக் நூலு. எவளோ நல்லா உன் தலையில கட்டிட்டா. நானா இருந்தா அவ மூஞ்சியிலயே விட்டெறிஞ்சிருப்பேன்."

மூலையில் நூல் சுற்றிக்கொண்டிருந்த மாமியார் எழுந்து வந்தார். சொட்டச் சொட்ட அந்த வெள்ளைச் சிட்டத்தை வாங்கி, மூத்தவளிடம் நீட்டினார்.

"மூஞ்சியில வேணாம், கையிலயே வாங்கிக்கோ. போன வருஷம் அசல் கம்பளின்னு சொல்லி நீ எனக்குக் குடுத்த ஸ்வெட்டரைப் பிரிச்ச நூல்தான்."