வாசனை இருக்கட்டும்

"உள்ள ஒரு இருமல்கூட வரக் கூடாது தம்பி. அதுக்குத் தோதா ஒண்ணு மாட்டிக் குடுங்க" என்றாள் அந்த அம்மாள், கையில் கைக்குட்டையோடு பட்டறை வாசலில் நின்றபடியே.

ஃபிட்டர் ஏணியைச் சுவரில் சாத்திவிட்டு அண்ணாந்து பார்த்தான். வீட்டுக்குப் பின்னால் ஒற்றை அறை, அதுதான் மரவேலைப் பட்டறை. கூரைச் சட்டத்தில், ஜன்னல் விளிம்பில், தொங்கும் பல்பில் என்று பாக்கியில்லாமல் மரத்தூள் மாவு மாதிரி படிந்திருந்தது. இந்தத் தூசு ஒரு மனுஷனின் நெஞ்சை என்ன பாடுபடுத்தும் என்று காற்று வடிகட்டும் மெஷின் மாட்டுகிறவனுக்குத் தெரியாதா?

"அய்யா மூக்குல துணிகூடக் கட்டுறதில்லையா?"

"சொன்னாக் கேப்பாரா? காலையில உள்ள போனா, சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாத்தான் வெளிய வருவார். புருவமெல்லாம் தூளா இருக்கும்."

"இந்த ஆம்பளைங்களே இப்படித்தாம்மா" என்றான், தானும் அந்த ஜாதிதான் என்பதை மறந்து. வாய் ஓடினால்தான் அவனுக்குக் கை ஓடும்.

"ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு தூசை மட்டும் பிடிக்கும். இன்னொண்ணுல கரி அடுக்கும் வச்சிருப்பாங்க. வார்னிஷ் நெடி, மர வாசனை எல்லாத்தையும் உறிஞ்சிடும். அதையே போட்டுடுவோம்."

"வாசனையுமா போயிடும்?" அவள் பதறிவிட்டாள்.

"சுத்தமா."

"அப்ப அது வேண்டாம். தூசு போகட்டும், வாசனை இருக்கட்டும்."

நெடி போகவில்லை என்று சண்டைக்கு வந்தவர்களைத்தான் அவன் பார்த்திருக்கிறான். போகக் கூடாது என்று மன்றாடுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறான். எல்லாம் அந்த அய்யாவின் உத்தரவாக இருக்கும் என்று விட்டுவிட்டான்.

"இன்னொண்ணு தம்பி, உள்ள எதையும் இடம் மாத்திடாதீங்க. இழைப்புளி கிடக்குற இடத்துலயே கிடக்கட்டும். அடுத்தவங்க கை பட்டா அவருக்குப் பிடிக்காது."

"சரிம்மா. அய்யா நின்னு வேலை செய்ற மேசைக்கு நேரா மாட்டிடட்டுமா?"

"வேண்டாம். அந்த நாற்காலிக்கு நேரா மாட்டுங்க."

ஜன்னலோரம் புத்தம் புதிய சாய்வு நாற்காலி ஒன்று இருந்தது. கைப்பிடியின் விளிம்புகள் சோப்புக் கட்டி போல வழவழவென்று இழைக்கப்பட்டிருந்தன.

"பிரமாதமா இருக்கே! யாரு ஆர்டர்?"

"விக்கிறதுக்கு இல்ல. அவர் ஆசையாச் செஞ்சது."

"ஓ, அசந்தா அய்யா உக்கார்ற இடமா?" என்றவனுக்குச் சிரிப்பு வந்தது. வேலை மேசை அவன் இடுப்புக்கு மேலே நின்றது. அய்யா நல்ல உயரம் போல. நாற்காலியோ குட்டை. "இதுல உக்காந்தா அவருக்கு முட்டி மோவாயில இடிக்குமே!"

அவளும் சிரிக்கப் பார்த்தாள். அதற்குள் இருமல் வந்துவிட்டது. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுப் பக்கம் போய்விட்டாள்.

மெஷினைக் கூரையில் தொங்கவிட்டு ஓடவிட்டான். ஒரு பொருளும் நகராமல், சந்துபொந்தில் எல்லாம் காற்றடித்துப் படிந்த தூசைக் கிளப்பினான். கிளம்பியதையெல்லாம் மெஷின் மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டது. ஜன்னல் வழியாக விழுந்த வெயிலில் கடைசியில் ஒரு துகள்கூட மிதக்கவில்லை. மர வாசனை மட்டும் அப்படியே நின்றது.

கூப்பிட்டதும் அவள் வந்து பழையபடி வாசலிலேயே நின்றாள். அவனுக்கு ஏனோ பற்றிக்கொண்டு வந்தது.

"தப்பா நினைக்காதீங்கம்மா. அவர் நெஞ்சு நல்லா இருக்கணும்னு நீங்க இந்த அலை அலையுறீங்க. அந்த மனுஷன் ஒரு தடவை எட்டிப் பாக்கல. கூப்பிடுங்க அவரை. உள்ள வந்து ஒரு மூச்சு இழுத்துப் பாக்கட்டும்."

அவள் கைக்குட்டையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். யாரோ தெரியாதவர் வீட்டுக்குள் நுழைவதுபோல ஒரு காலை உள்ளே வைத்தாள். நின்றாள். அப்புறம் மற்றக் காலையும் வைத்தாள்.

நேரே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அளவெடுத்துச் செய்ததுபோல முழங்கை கைப்பிடியில் படிந்தது, பாதம் தரையில் பதிந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஆழமாக ஒரு மூச்சு இழுத்தாள்.

இருமல் வரவில்லை. கண்ணீர்தான் வந்தது.

"எனக்குத்தான் தம்பி மரத்தூசு ஆகாது. உள்ள கால் வச்சாலே மூச்சு இழுத்துக்கும். வாசல்ல நின்னுதான் பேசுவேன். 'உனக்குன்னுதான் செஞ்சிருக்கேன், ஒரே ஒரு நாள் உள்ள வந்து உக்காரு, நான் இழைக்கிறதைப் பாரு'ன்னு கெஞ்சுவார். 'ஆகட்டும், ஆகட்டும்'னு சொல்லிக்கிட்டே இருந்துட்டேன்."

ஃபிட்டருக்குச் சுரீரென்றது. வருவார், பிடிக்காது, கெஞ்சுவார் என்று அவள் சொன்னதையெல்லாம் எந்தக் காலத்தில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்? எட்டிப் பார்க்காத மனுஷன் என்று திட்டிய தன் வாயை அங்கேயே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"அம்மா... அய்யா..."

அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. இழைப்புளி கிடந்த அந்த உயரமான மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதோ, வந்துட்டேங்க... நீங்கதான் இல்ல."