முழுசாய்ப் பார்க்காதவள்

தியேட்டரில் குடியிருந்த பல்லியும் வௌவாலும் இந்த வருஷத்தின் சிறந்த படத்துக்கு விருது கொடுக்கக் கூடின.

"சண்டைப் படத்துக்குத்தான்," என்றது திரையில் வாழும் பல்லி.

"துணி துவைக்கிற அம்மா படத்துக்குக் கொடுங்க அண்ணே," என்றது குட்டிகளோடு வந்த தாய் எலி.

வௌவால் சிரித்தது. "குட்டி கத்தினா பாதியில ஓடுறவ நீ. ஒரு படமாவது முழுசாப் பார்த்திருக்கியா? உனக்கு ஓட்டு கிடையாது."

எலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அந்த அம்மா படத்தை நாலு காட்சி ஓடி ஓடி, துண்டு துண்டாப் பார்த்து முடிச்சேன். கடைசியில அவ மகன்கிட்ட என்ன சொன்னா? நீங்க சொல்லுங்க."

"தொங்கினபடியே தூங்கிட்டேன்," என்றது வௌவால்.

"அது ஒரே இருட்டுப் படம்," என்றது பல்லி. "திரைக்கு ஒரு பூச்சிகூட வரல. சண்டைப் படத்துல நல்ல வெளிச்சம். வயிறு நிறைஞ்சுது."

"அப்போ விருதைப் பூச்சிக்கே கொடுங்க," என்று எலி குட்டிகளை இழுத்துக்கொண்டு போனது.