பியூலாவின் தங்கக் கை

பியூலா பாக்ஸிங்ல மாநிலத்துக்கே தங்கம் வாங்கிட்டான்னு காசிமேட்டுல தெருவே வெடி வெடிச்சுது. ஆனா நடந்தது என்ன தெரியுமா? அவ எடைப் பிரிவுல வந்ததே ரெண்டு பொண்ணுங்கதான். இன்னொருத்தி காலையில மிஷின்ல ஏறுனா, எடை கொஞ்சம் கூட. ஓடிப் பாத்தா, எச்சி துப்பிப் பாத்தா, கடைசியில அழுதுக்கிட்டே பின்னலையும் வெட்டிப் போட்டா. எடை இறங்கலையே! வெளிய அனுப்பிட்டாங்க. இவ கிளவுஸ மாட்டிக்கிட்டு ரிங்குல தனியா நின்னா, ரெஃப்ரி வந்து கையத் தூக்கி வுட்டாரு, அவ்ளோதான்.

"தங்கம் தங்கம்தான். காலேஜ்ல சேக்கறவன் எத்தினி பேர அடிச்சன்னா கேக்கப் போறான்?"னுட்டாரு கோச்சு.

வீட்டுக்கு வந்ததும் உள்ளதச் சொல்லிடலாம்னு வாயத் தொறந்தா. எதுத்த வீட்டு மேரியக்கா ஒரு லட்டத் திணிச்சு, "ஒரே குத்துல வுழுந்துட்டாளாமே அவ?"ன்னு சிரிச்சா. பியூலா மென்னுக்கிட்டே தலைய ஆட்டி வெச்சா.

அதுக்குள்ள அம்மாக்காரி உப்ப வறுத்து, துணியில முடிஞ்சு எடுத்தாந்துட்டா. "எங்கடி வலிக்குது?"

ஒரு கீறல் இல்லாத கை அது. விரல் முட்டியத் தொட்டுக் காமிச்சு, "இங்கம்மா"ன்னா பியூலா.

அம்மா பதமா ஒத்தடம் வெச்சா. "மேரி, நீ சிரிக்கிற. அந்தப் பொண்ணப் பெத்தவளும் இந்நேரம் இப்படித்தான் ஒத்தடம் குடுத்துக்கினு இருப்பா. எங்கெங்க வீங்கிக் கெடக்கோ, பாவம்."

பியூலா இன்னொரு கையையும் நீட்டுனா.