ஊறுகாய் இல்லாத டப்பா

காலை ஐந்தரைக்கு எழுகிறேன். பல் துலக்கி, குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாருகிறேன். டிபன் டப்பாவில் தயிர்சாதம் போட்டு மூடுகிறேன். ஊறுகாய் வைப்பதில்லை.

எண்ணெய்க்குக் காரணம் உண்டு. இது தவக்காலம். நோன்பிருக்கிறவன் முகத்தைத் தொங்கப்போடாமல், தலைக்கு எண்ணெய் தடவி, வெளியே தெரியாமல் இருக்க வேண்டும் என்று சாம்பல் புதனன்று சாமியார் பிரசங்கம் வைத்தார். கோவிலிலேயே அதிக எண்ணெய் என் தலையில்தான்.

டப்பாவுக்கும் காரணம் உண்டு. மதியம் நான் சாப்பிடுவதில்லை. வெறுங்கையோடு போனால் பீங்கான் கம்பெனியில் ஏன் என்று கேட்பார்கள். அதனால் டப்பாவை எடுத்துப்போய், பொம்மைகளுக்குக் கண் எழுதும் பாவாடை அண்ணனிடம் சூளைக்குப் பின்னால் கொடுத்துவிடுவேன்.

இந்த ஏற்பாடு போன வருடத் தவக்காலத்தில் தொடங்கியது. யாரிடமும் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டேன். எங்கள் தெருவில் கீரை விற்கிற தன் மனைவி தங்கம்மாளிடம்கூட மூச்சு விடமாட்டேன் என்று அண்ணன் கொளஞ்சியப்பர் சாமி மேல் சத்தியம் செய்தார்.

என் மனைவி இளமதியிடமும் நான் சொல்லவில்லை. அவள் கட்டிக்கொடுத்த டப்பாவைக் காலியாகத் திருப்பிக்கொடுத்து, நன்றாக இருந்தது என்பேன். கட்டிய மனைவிக்கே சொல்லாமல் நோன்பிருக்கிறவன் இந்தப் பங்கில் வேறு யார் இருக்கிறான்? தாழ்ச்சியில் எனக்கு நானே முதலிடம் கொடுத்துக்கொண்டேன்.

அந்தத் தவக்காலத்தின் இரண்டாவது வாரம் டப்பாவில் ஊறுகாய் நின்றுபோனது. இவளுடைய தவக்கால ஒறுத்தல் போலிருக்கிறது, ஊறுகாயை விட்டுவிட்டாள் என்று நினைத்தேன். பாவம், அவளால் முடிந்தது அவ்வளவுதான்.

நான்காவது வாரம், ஒரு வெள்ளிக்கிழமை காலை, பெரிய மனது பண்ணி அதைப் பாராட்டினேன்.

"ஊறுகாய விட்டுட்ட போல. சின்ன ஒறுத்தலா இருந்தாலும் நல்லதுதான்."

அவள் டப்பா மூடியை அழுத்திக்கொண்டே ஒரே வரியில் பதில் சொன்னாள். குத்தலாகச் சொல்லவில்லை, சும்மாதான் சொன்னாள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் வண்டியை எடுத்தேன்.

பதினொரு மணிக்கு போன் வந்தது. மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் அவள் கண் திறக்கவே இல்லை.

அடக்கத்தன்று, கடைசியாக என்ன பேசினாள் என்று உபதேசியார் கேட்டார். உண்மையைச் சொன்னால் என் மானம் போகும். "ஏசுவே, உம் கையில் என்னை ஒப்படைக்கிறேன்" என்றாள் என்று சொன்னேன். கோவிலே அழுதது. அடுத்த வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் அதுதான் பிரசங்கம்.

வரும் ஞாயிறு முதல் வருட நினைவுப் பூசை. கல்லறையில் பதிக்க ஒரு வெள்ளை டைல்ஸ் எடுத்துவைத்திருந்தேன். இன்று மதியம் சாப்பிட்டு முடித்ததும் பாவாடை அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு, அதில் இளமதியின் பெயரையும் தேதியையும் எழுதினார். பொம்மைக்குக் கண் வைப்பதைவிட மெதுவாக எழுதினார். பிறகு பிரஷ்ஷைத் தூக்கிப் பிடித்தார்.

"கீழ என்ன எழுதணும் சார்? அந்த ஏசு வசனமா?"

காலி டப்பா எங்கள் இருவருக்கும் நடுவில் கிடந்தது.

"சூளைக்குள்ள போயிடுச்சுன்னா அப்புறம் அழிக்க முடியாது சார்," என்றார். என் முகத்தைப் பார்க்காமல், பிரஷ்ஷின் நுனியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தங்கச்சி நெசமா என்ன சொல்லிச்சோ, அதச் சொல்லுங்க."

ஒரு வருடமாக யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன்.

"ஒறுத்தலும் இல்ல ஒண்ணும் இல்லைங்க, பாவாடை அண்ணனுக்கு வயித்துப் புண்ணாம்."