கட்டெறும்பு வீட்டு லீவு

கட்டெறும்பு மாடசாமியின் வீட்டில் வருஷத்துக்கு ஒரே ஒரு நாள்தான் லீவு. இந்தத் தடவை அந்த நாளில், ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய தீம் பார்க்குக்குக் குடும்பத்தோடு போவது என்று முடிவாயிற்று.

மனைவி பொன்னுத்தாயி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "அன்னிக்கு ஒரு நாளாவது யாரும் யார் பின்னாலயும் நடக்கக் கூடாது. வரிசைங்கிற பேச்சே வரக் கூடாது, சொல்லிட்டேன்."

வழியில் சாப்பிட ஆறு புளியோதரைப் பருக்கைகளை மூட்டை கட்டினாள். மகள் சிட்டு அம்மாவுக்குப் பக்கத்தில் நடந்து பழகினாள். பழக்க தோஷம், இரண்டு தடவை பின்னால் போய்விட்டாள்.

எதற்கும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வருகிறேன் என்று முந்தின நாள் காலையில் தீனி தேடப் போகிற சாக்கில் கிளம்பிப் போன மாடசாமி, சாயங்காலம் குழப்பத்தோடு திரும்பினான்.

"எப்படிங்க இருக்கு?" என்றாள் பொன்னுத்தாயி.

"எங்க பார்த்தாலும் மனுஷங்க வரிசையில நிக்கிறாங்க."

"எதைத் தூக்கிக்கிட்டுப் போறாங்க?"

"ஒண்ணும் தூக்கல. வெறுங்கையோட, வெயில்ல, ரெண்டு மணி நேரம் நிக்கிறாங்க."

"அப்ப வரிசை முடியற இடத்துல பெருசா ஏதோ தீனி இருக்கும்."

"ராட்டினம் இருக்கு. மேல தூக்கிட்டுப் போய்ச் சுத்தி, ஏறின இடத்துலயே இறக்கி விடுது. இறங்கினதும் அடுத்த வரிசைக்கு ஓடறாங்க."

பொன்னுத்தாயி புளியோதரை மூட்டையை அவிழ்த்தாள்.

சிட்டுவுக்குத்தான் மனசு கேட்கவில்லை.

"பாவம்ப்பா. அவங்களுக்கு எப்ப லீவு விடுவாங்க?"