மொட்டை எலி

செல்லுக்குள் உட்கார்ந்துகொண்டு 'பெருகு, பெருகு' என்று ஓயாமல் உத்தரவு போட்டுப் புற்றுக்கட்டியை வளர்த்துவிடும் புரதம் ஒன்று உண்டு. கைனேஸ் என்று பெயர். அதன் வாயை அடைக்கப் பேராசிரியர் கண்டுபிடித்த மருந்து, எலிகளிடம் பல்லிளித்துவிட்டது. கட்டி கடுகளவும் சுருங்கவில்லை.

"கடையைக் கட்டும்மா," என்றார் ஆய்வக உதவியாளரிடம், தன் வழுக்கையைத் தடவியபடி. "மருந்தோட உரிமையைக் காலையிலதான் ஒரு மாத்திரைக் கம்பெனிக்காரன் தலையில கட்டினேன். சும்மாதான் குடுத்தேன். ஏமாளி, நன்றி வேற சொல்லிட்டுப் போறான்."

அந்த நேரம் பார்த்து எலி சப்ளை செய்பவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"எங்க எலியைப் பத்திப் புகார் சொன்னது யாரு? அதெல்லாம் பரம்பரை மொட்டைங்க. முடியே முளைக்காது."

"நான்தான் சொன்னேன்," என்றாள் உதவியாளப் பெண். "கட்டியை அளக்கத் தோல் வழவழன்னு இருக்கணும்னுதானே மொட்டை எலி கேட்டோம்? எல்லாம் கரடிக்குட்டி மாதிரி ஆயிடுச்சு. வாராவாரம் சவரம் பண்ணியே என் கை ஓஞ்சு போச்சு."

"எல்லா எலிக்குமா முளைச்சுது?"

"இல்ல, ஒரு கூண்டுக்கு மட்டும்தான். இன்னொரு கூண்டு கடைசி வரைக்கும் மொட்டைதான்."

"ரெண்டு கூண்டும் ஒரு தாய் வயித்துப் பிள்ளைங்கம்மா. முடி முளைச்ச கூண்டுக்குக் குடுத்ததையேதான் மொட்டைக் கூண்டுக்கும் குடுத்தீங்களா?"

"இல்லையே, அதுக்கு ஒண்ணுமே குடுக்கலை. வெறும் தண்ணிதான். மருந்தெல்லாம் இந்த..."

அவள் முடிக்கவில்லை. பேராசிரியரின் கை வழுக்கையின் நடுவிலேயே நின்றுவிட்டது.