காலி சீட்டுக்கு ஒரு டிக்கெட்

டெல்லியில் ஒரு ஜனவரிக் காலை. மயூர் விஹாரிலிருந்து கிளம்பிய பஸ் யமுனைப் பாலத்தில் ஏறியதும் நின்றுவிட்டது. பனிமூட்டத்தில் டிரைவருக்கு வைப்பர்கூடத் தெரியவில்லை. சுந்தரேஷின் மகள் இந்துஜாவுக்கு நுழைவுத் தேர்வு. எட்டரைக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள்.

"ஆட்டோல போலாம்னு சொன்னேனேப்பா!"

"ஆட்டோ மட்டும் பனிக்கு மேல பறக்குமா?" என்றான் சுந்தரேஷ். அவனுக்கே சிரிப்பு வரவில்லை.

அப்போது முன்னால் ஒரு டார்ச் அசைந்தது. சிவப்பு மஃப்ளர் சுற்றிய ஆள் ஒருவர் கையசைத்து அழைத்தபடி நடந்தார். இந்தக் குளிரில் கண்டக்டர் இறங்கி வழிகாட்டுவது புதிதல்ல. பஸ் பின்னாலேயே ஊர்ந்து, நடுப்பாலத்தில் கவிழ்ந்து கிடந்த லாரியை ஒரு சாண் இடைவெளியில் தாண்டியது.

"ஷாபாஷ், கண்டக்டர் அண்ணே!" என்று சுந்தரேஷ் கத்தினான்.

"க்யா ஹுவா?" என்று, என்ன ஆச்சு எனக் கேட்டபடி பின் சீட்டிலிருந்து எழுந்து வந்தார் கண்டக்டர். அவர் இறங்கவே இல்லை.

பாலம் முடிந்ததும் மஃப்ளர்காரர் ஓரமாக ஒதுங்கி, பயணியைப் போலக் கை காட்டினார். டிரைவர் நிறுத்திக் கதவைத் திறந்தார். குளிர் மட்டும் ஏறியது. கண்டக்டர் ஒரு டிக்கெட்டைக் கிழித்து, இருவர் உட்காரும் முன் சீட்டில் வைத்தார்.

போகப் போக பஸ் பிதுங்கியது. அந்த சீட்டில் மட்டும் யாரும் உட்காரவில்லை. எட்டு இருபதுக்குத் தேர்வு மையம் வந்தது. இறங்கும்போது சுந்தரேஷ் காலி சீட்டைப் பார்த்துக் கும்பிட்டான்.

அதே நிறுத்தத்தில் பையும் கையுமாக ஒரு அம்மாள் ஏறினாள். அந்தக் காலி சீட்டின் ஜன்னலோரம் பார்த்து, "தோடா கிஸக்கியே, பாய்சாப்," என்று கொஞ்சம் நகரச் சொன்னாள். நகர்ந்து இடம் விடும்வரை காத்திருந்துவிட்டு, பாதி சீட்டில் உட்கார்ந்தாள்.